நாலு ஒண்ணு ரெண்டு, நாலு மூணு எட்டு

வாங்க தம்பி. துவாக்குடியிலேர்ந்து போன் பண்ணினது நீங்கதானே? செருப்பை வாசல்லயே விட்டுட்டு வாங்க. படி கொஞ்சம் செங்குத்து, சுவரைப் பிடிச்சுக்கிட்டே ஏறுங்க. ஏம்மா, தம்பிக்கு ஒரு காபி. சர்க்கரை போடலாம்ல? போடலாமாம்.

இதான் செட்டு, கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டறதுக்கு. இது ஸ்டிக்கு, வலது கைக்கு. இது த்ராட்டில், வேகத்துக்கு, இடது கைக்கு. கீழ பாருங்க, கால் பெடல். மூணையும் சேத்துத்தான் குடுப்பேன், பிரிச்சுக் குடுக்கறதா இல்ல. தொட்டுப் பாருங்க, தப்பில்ல. மகன் வாங்கி அனுப்பினது. விலையை அப்புறம் பேசிக்கலாம், அதுக்கென்ன அவசரம், உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அது விமானம் ஓட்டற நாற்காலி, சாஞ்சா பின்னால போயிடும்.

ஏன் விக்கிறீங்கன்னு கேக்கறீங்க. வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. போன வாரம் ஒருத்தர் வந்தாரு, பாய்லர் தொழிற்சாலையில வேலையாம். அவர்கிட்ட கண்ணு சரியில்லன்னு சொல்லிப் பாத்தேன். கொஞ்ச நேரத்துல எனக்கே பொறுக்கல, உள்ளதைச் சொல்லிட்டேன். முக்கால் மணி நேரம் கேட்டுட்டு, ஒரு போன் வந்துருச்சுன்னு எந்திரிச்சவருதான். அதுக்கு முந்தின வாரம் வந்த பையனும் அப்படித்தான். இந்தக் காலத்துல ஒரு விஷயத்தைக் கடைசி வரைக்கும் காது குடுத்துக் கேக்கறதுக்கு யாருக்கும் பொறுமை இல்ல தம்பி.

கண்ணு நல்லாத்தான் இருக்கு. இங்கேர்ந்தே எதிர் வீட்டு மீட்டர் ரீடிங் படிப்பேன். மனசுதான் விட்டுப்போச்சு. பெத்த மகனே அப்பனைக் குத்தவாளியா நிறுத்தினா, அந்த ஸ்டிக்கை எப்படிப் பிடிக்கறது சொல்லுங்க.

நான் சார்பதிவாளர் ஆபீஸ்ல முப்பத்தியோரு வருஷம் இருந்தவன். எந்த ஊருன்னு வேணாம், இந்த ஜில்லா இல்ல. கிரயப் பத்திரம், தானப் பத்திரம், விடுதலைப் பத்திரம், எல்லாம் என் கையைத் தாண்டித்தான் போகணும். சர்வே நம்பர், உட்பிரிவு, நாலு பக்க எல்லை. ஒருத்தரு வாசிப்பாரு, நான் கேட்டுக்கிட்டே சரி பாப்பேன். முப்பத்தியோரு வருஷமும் மத்தவங்க வாசிச்சு நான் சரின்னு சொல்லிப் பழக்கம். நான் வாசிச்சு எவனும் எனக்கு சரின்னு சொன்னதில்ல. சொல்ல விட்டதுமில்ல.

நம்பர்ல தப்பே வந்ததில்லயான்னா, ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. அதுவும் என் தப்பு இல்ல. பத்திரத்துல நூத்திப் பன்னெண்டு பை மூணுன்னு இருந்துச்சு. எனக்கு அந்த ஊரு தெரியும், அந்த இடத்துல நூத்திப் பதிமூணு பை ரெண்டுதான் வரணும். எழுதினவரு தூக்கத்துல எழுதிட்டாருன்னு நெனச்சு, பதிவேட்டுல ஏத்தும்போது திருத்தி ஏத்தினேன். நல்லதுக்குத்தானே பண்ணினேன்? கடைசியில பத்திரத்துல இருந்ததுதான் சரியாம். நிலம் வாங்கின மனுஷன் வில்லங்கம் போட்டுப் பாத்தா, அவரு நிலமே அதுல வரல. ஏழு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தாரு. எழுத்து தெளிவா இருந்திருந்தா நான் ஏன் சந்தேகப்படப் போறேன்? முன்னெல்லாம் என்னைப் பாத்தா நின்னு வணக்கம் வைப்பாரு. அப்புறம் வைக்கறதில்ல. சரி, அதை விடுங்க.

ரிடையர் ஆனப்புறம் பகல் நகரவே மாட்டேங்குது. செழியன், என் பையன், ஓமன்ல சோஹார்னு ஒரு ஊரு, அங்க சிமெண்ட் ஃபேக்டரியில மெயின்டனன்ஸ்ல இருக்கான். அவன்தான் சொன்னான், அப்பா, நானும் என் ஃப்ரெண்ட்ஸும் சேந்து கம்ப்யூட்டர்ல போர் விமானம் ஓட்டறோம், நீங்களும் வாங்க, வாரத்துல ஒருநாளாவது ரெண்டு மணி நேரம் உங்ககூடப் பேசின மாதிரி இருக்கும்னு. முதல்ல சிரிச்சேன். ஐம்பத்தொம்போது வயசுல எனக்கு என்னடா விளையாட்டுன்னேன். அப்புறம் பாத்தா, அது விளையாட்டே இல்ல தம்பி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், நீங்களும் ஓட்டறவருதானே. கிளப்பறதுக்கே நாப்பது பட்டன் அமுக்கணும். நான் நோட்டுப் போட்டு எழுதி மூணு மாசத்துல மனப்பாடம் பண்ணினேன்.

ஆறு பேர் நாங்க. சனிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு எல்லாரும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு வந்துடணும். செம்போத்து அணின்னு பேரு. தலைவி ஒரு பல் டாக்டர், பெனிட்டான்னு, நாகர்கோவில். பல்லு புடுங்கற கையால ஸ்டிக்கைப் பிடிச்சா அந்தம்மா விமானம் கோடு போட்ட மாதிரி போகும், அதை நான் மறுக்கல. ஆனா வாய்தான். எல்லாத்துக்கும் ஒரு விதி.

இப்ப நீங்க கவனமாக் கேக்கணும், விஷயமே இங்கதான் இருக்கு. நான் ஓட்டறது தரையில இருக்கற நம்மாளுங்களுக்கு உதவறதுக்குன்னே செஞ்ச விமானம். வலது முழங்கைக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி இருக்கும், பச்சை எழுத்து, கீழ பழைய கால்குலேட்டர் மாதிரி பட்டன். எங்க குண்டு விழணுமோ அந்த இடத்தோட நம்பரை அதுல அடிக்கணும். மேப்பு பூரா கட்டம் கட்டமா இருக்கும். ஆறு நம்பர். முதல் மூணு குறுக்க, அடுத்த மூணு மேல. செழியன் எனக்குச் சொல்லிச் சொல்லியே நாக்கு தேஞ்சு போனான்: முதல்ல குறுக்க, அப்புறம் மேல, அப்பா, முதல்ல குறுக்க, அப்புறம் மேல. இது என்ன கூத்துன்னா, அதே பெட்டியில இன்னொரு வகையா, டிகிரி கணக்குல அடிச்சா, வடக்கு முதல்ல வரும், கிழக்கு அப்புறம் வரும். நேர் தலைகீழ். அப்ப யாருக்குமே குழப்பம் வரலாம் இல்லையா? வரலாம். எனக்கு மட்டும்தான் வரணும்னு சட்டமா? அவனுக்கும் வரலாம் இல்லையா? அதைத்தான் நான் கேக்கறேன்.

இதுல ஒரு விதி. தரையில இருக்கறவன் நம்பரைச் சொல்லுவான். விமானத்துல இருக்கறவன் அதைத் திருப்பிச் சொல்லணும். சொன்னவன் கேட்டுட்டு, சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும். அந்த சரி வர்ற வரைக்கும் குண்டு பட்டன் மேல விரலே போகக்கூடாது. வேற யாரும் சொல்லக்கூடாது, நம்பர் குடுத்தவன்தான் சொல்லணும். மத்த அஞ்சு பேரும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பாங்க. அந்த டாக்டரம்மாகூட ஒப்பிக்கும். எனக்கு மட்டும் அது ஒட்டவே இல்ல. நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் பையனா? பெத்த பையன் நம்பர் சொல்லி, அப்பன் அதை ஒப்பிச்சு, அவன் சரின்னு மார்க் போடணுமா? நான் ம்ம்னு சொல்லுவேன். அப்புறம் அவனே, சரிப்பான்னு சொல்லிடுவான். ஒரு வருஷமா அப்படித்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. யாருக்கும் ஒரு கேடும் வரல.

காபி வந்துருச்சு, எடுத்துக்கோங்க.

இவ என்ன சொல்றா கேட்டீங்களா? மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா, அந்தத் தம்பியை வந்த வேலையைப் பாக்க விடுங்கன்னு. இவளுக்கு என்ன தெரியும். நீ போம்மா, கீழ குக்கர் சத்தம் போடுது.

ஆறு வாரமா ஒரு பள்ளத்தாக்கைப் பிடிக்கறோம். நடுவுல ஒரு ஆறு, ஆத்து மேல ஒரு பாலம். பாலத்தைத் தாண்டினாத்தான் நம்ம படை மேல போக முடியும். ஆறு சனிக்கிழமை. ஒவ்வொரு வாரமும் விட்ட இடத்துலேர்ந்துதான் தொடங்கும், அதனால ஒரு தடவை கெட்டா எல்லாம் முதல்லேர்ந்து. கடைசி நாள் பாருங்க, கீழ ஒரே மேகம். பஞ்சு விரிச்ச மாதிரி, தரையே தெரியல. கண்ணால பாத்துப் போடற பேச்சே இல்ல, நம்பரை அடிச்சு விட்டா அது தானா போய் விழற குண்டுதான். செழியன் ஜீப்ல தரையில போறான். எதிரி டாங்கி எங்க இருக்குன்னு பாத்துச் சொல்ற வேலை அவனுக்கு.

நான் மேப்பை ஜெராக்ஸ் கடையில பெரிசா பிரிண்ட் போட்டு இந்த மேஜையிலயே ஒட்டி வச்சிருந்தேன். பிசின் தடம் தெரியுது பாருங்க. அவன் நம்பர் சொல்றான். நாலு ஒண்ணு ரெண்டு, நாலு மூணு எட்டு. நான் மேப்புல விரலை வச்சுப் பாக்கறேன். குறுக்க நாலு ஒண்ணு ரெண்டு, மேல நாலு மூணு எட்டு. வெறும் காடு தம்பி. ரோடு இல்ல, வீடு இல்ல, ஒரு மாட்டுத் தடம்கூட இல்ல. காட்டுல டாங்கிக்கு என்ன வேலை? ஆறு வாரமா எல்லாம் பாலத்துலதானே நிக்குது? சரி, இவன் மாத்திச் சொல்லிட்டான் போலன்னு, நாலு மூணு எட்டு குறுக்க, நாலு ஒண்ணு ரெண்டு மேல வச்சுப் பாக்கறேன். விரல் நேரா பாலத்து மேல போய் நிக்குது. நேரா. ஒரு நூல் தள்ளல. நீங்களா இருந்தா என்ன முடிவுக்கு வருவீங்க? பையன் அவசரத்துல முன்னபின்ன மாத்திட்டான், மேலயும் குறுக்கவும் குழம்பிட்டான், அதானே? நான் திருத்தி அடிச்சேன். அனுபவம்னா அதுதானே தம்பி. வாசிக்கறவன் தப்பா வாசிச்சாலும் எழுதறவன் சரியா எழுதணும்.

போட்டேன். நாப்பது விநாடி. காதுல ஒரே இரைச்சல். அப்புறம் அந்த டாக்டரம்மா குரல் மட்டும் வருது, செழியன் வண்டி போச்சு, பாலம் போச்சுன்னு.

என்ன ஆச்சுன்னா, எதிரி அன்னிக்குத்தான் பாலத்தை விட்டுட்டுக் காட்டுக்குள்ள போய் ஒளிஞ்சிருக்கான். நம்மாளுங்க பாலத்துல ஏறிட்டாங்க. செழியன் ஜீப்பும் பாலத்துலதான் நின்னிருக்கு. அங்கேர்ந்துதான் காட்டைப் பாத்து எனக்கு நம்பர் சொல்லியிருக்கான். மூணரை கிலோமீட்டருக்கு மேல வித்தியாசம். பாலம் உடைஞ்சு, படை ஆத்துல விழுந்து, ஆறு வாரமும் தண்ணியில போச்சு.

அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? பாலம் நம்மகிட்ட வந்துருச்சுன்னு ஒரு வார்த்தை அவன் சொல்லணுமா வேணாமா? சொல்லல. என் காதுல விழல. விழாததை நான் எப்படிக் கேப்பேன்? நான் உடனே ஹெட்போனைக் கழட்டி மேஜையில வச்சுட்டு எந்திரிச்சுக் கீழ போயிட்டேன். அஞ்சு பேரு சேந்து என்னைத் திட்டறதை உக்காந்து கேக்கறதுக்கு எனக்கு என்ன தலையெழுத்தா? கீழ போய் இவகிட்ட மோர் கேட்டேன். என் மூஞ்சியைப் பாத்துட்டு, யாருக்கு என்னன்னு பதறிட்டா. உன் மகனை நானே குண்டு போட்டுக் கொன்னுட்டேன்னு சொன்னேன், வேடிக்கையா. அவ சிரிக்கல.

மறுநாளே டாக்டரம்மா கடுதாசி. ஈமெயில்தான். ஐயா, விதிப்படி நீங்க ஒரு மாசம் விமானம் ஓட்டாம தரையில இருக்கணும், வர்ற சனிக்கிழமை எல்லாரும் சேந்து அன்னிக்குப் பேசின ரெக்கார்டிங்கைக் கேப்போம், நீங்களும் கூட இருந்து கேட்டுட்டு, எங்க தவறினோம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், இது எல்லாருக்கும் உள்ளதுதான், ஜனவரியில நானே இருந்தேன், செழியனும் ஒருதடவை இருந்தான், அப்படின்னு. அவங்க இருந்தா நான் இருக்கணுமா? பத்திர ஆபீஸ்ல என் மேல மெமோ வந்ததே கிடையாது. ஒரு தடவை வந்துச்சு, அதுக்கு நான் பதில் எழுதிக் குடுத்துட்டேன்.

அதுல எனக்கு என்ன ஆத்திரம்னா, இந்தப் புகாரைக் குடுத்தது யாரு? செழியன்தானே குடுத்திருக்கணும்? அடிபட்டவன் அவன். அவன் ஒரு வார்த்தை, விடுங்க, அப்பாதானேன்னு சொல்லியிருந்தா அந்தம்மா கடுதாசி எழுதியிருக்குமா? சொல்லியிருக்க மாட்டான். நான் எந்திரிச்சுப் போனதும் அஞ்சு பேரும் உக்காந்து என் மண்டையை உருட்டியிருப்பாங்க. அதான் பேசறதை விட்டேன். சனிக்கிழமை மூணு மணியானா போன் அடிக்கும், அவன்தான். நான் எடுக்கறதில்ல. கொஞ்ச நேரம் அடிச்சுட்டு நின்னுடும். அப்புறம் கீழ இவ போன் அடிக்கும். இவ பேசுவா. அப்பா எப்படி இருக்காங்கன்னு கேப்பானாம். நல்லா இருக்காருன்னு இவ சொல்லுவாளாம். இப்படியே மூணு மாசம்.

போன வாரம் அடிக்கல.

வேலை இருந்திருக்கும். ஃபேக்டரியில ஷட்டவுனு அது இதுன்னு வரும். இன்னிக்கும் சனிக்கிழமைதான். மணி என்ன இப்ப? மூணு அஞ்சா? அந்தக் கடிகாரம் ஒரு ரெண்டு நிமிஷம் முன்னாடி போகும்.

நன்றி வேணும் தம்பி. அவன் இன்னிக்கு இந்த நிலையில இருக்கான்னா யாரால? உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், கீழ இருக்கறவளுக்குக்கூட இது தெரியாது. பன்னெண்டாவது முடிச்சு அகில இந்திய இன்ஜினியரிங் கவுன்சிலிங், கம்ப்யூட்டர்லதான். எந்தக் காலேஜு, எந்தப் பிரிவுன்னு ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசை போட்டுக் குடுக்கணும். இவன் நீல மசியில பேப்பர்ல எழுதி, நீங்க ஏத்திடுங்கப்பான்னு குடுத்துட்டு, நண்பன் வீட்டுக்கு கேரம் ஆடப் போயிட்டான். முதல்ல ஏதோ பூமியை அளந்து மேப்பு போடற படிப்பு. ரெண்டாவது மெக்கானிக்கல். சின்னப் புள்ளையிலேர்ந்து அவனுக்கு மேப்புன்னா ஒரு பைத்தியம், பஸ் டிக்கெட் பின்னாடிகூட ரோடு வரைவான். நான் சர்வேயருங்களைப் பாத்தவன் தம்பி. வெயில்ல சங்கிலியை இழுத்துக்கிட்டு, வரப்புல நடந்து, ரெண்டு பக்கமும் ஏச்சு வாங்கிக்கிட்டு. அதுக்கா இவ்வளவு மார்க் வாங்கினான்? கடைசி பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணை ரெண்டாக்கி, ரெண்டை ஒண்ணாக்கினேன். அவ்வளவுதான். மெக்கானிக்கல் கெடைச்சுது. முதல்ல போட்டது கெடைக்கல போலன்னு அவன் நெனச்சுக்கிட்டான். ரெண்டு நாள் சாப்பிடல. அப்புறம் சரியாயிட்டான். இன்னிக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது. இன்னிக்கு வெளிநாட்டுல இருக்கான், சொந்தமா வீடு இருக்கு. வேலை பிடிக்கலன்னு எப்பவாவது அவங்கம்மாகிட்டச் சொல்லுவான். வேலை யாருக்குத்தான் பிடிக்குது?

என்ன கேட்டீங்க? அந்த ரெக்கார்டிங்கா? இருக்கு. அந்தம்மா அனுப்பினது இந்த மிஷின்லயே கெடக்கு. நான் திறந்ததில்ல. நடந்ததை நேர்ல இருந்து பாத்தவனுக்கு ரெக்கார்டிங் எதுக்கு?

இல்ல, ஒண்ணு செய்யுங்க. நீங்க வெளி ஆளு. எனக்கும் சொந்தமில்ல, அவனுக்கும் சொந்தமில்ல. நீங்க போட்டுக் கேளுங்க. கேட்டுட்டு யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க. சத்தமாவே போடுங்க, எனக்கு ஒண்ணும் பயமில்ல. அந்த மூலையில பேரு இருக்கு பாருங்க, அதுதான். அமுக்குங்க.

இது பெனிட்டா. இது காத்து சத்தம், என்னோட எஞ்சின். அது செழியன். குரல் இரையுது கேட்டீங்களா, ஜீப்புல போறான்ல.

என்ன சொன்னான்? பாலம் நம்ம கையிலன்னா சொன்னான்? "அப்பா, பாலம் நம்ம கையில, நான் பாலத்து மேலதான் நிக்கறேன், அவங்க காட்டுக்குள்ள போயிட்டாங்க." சொல்லியிருக்கான். சரி. சொல்லியிருக்கான்னே வச்சுக்குவோம். அந்த நேரத்துல எனக்கு எஞ்சின் சத்தம். நீங்களே கேக்கறீங்கல்ல எவ்வளவு சத்தம்னு.

நம்பர் வருது, கேளுங்க. நாலு ஒண்ணு ரெண்டு. நாலு மூணு எட்டு. நான் சொன்னேன்ல, ஒண்ணுகூட மாத்திச் சொல்லல உங்ககிட்ட.

"திருப்பிச் சொல்லுங்கப்பா."

இது எனக்கு ஞாபகம் இல்ல.

"அப்பா, இன்னிக்கு மட்டும் திருப்பிச் சொல்லுங்கப்பா. மேகமா இருக்கு, நாங்க பக்கத்துல இருக்கோம்."

நான் மேப்பு பாத்துக்கிட்டிருக்கேன் அப்ப. இந்தா, இது என் குரல். "முப்பத்தியோரு வருஷம் நம்பர் பாத்தவன்டா நான்." சிரிக்கறேன் நான். அவன் சரின்னு சொல்லல, கேட்டீங்களா? சொல்லவே இல்ல. அப்பா இருங்க, இருங்கன்னுதான் சொல்றான்.

இது குண்டு.

இது அந்தம்மா. இதோட நான் கழட்டி வச்சுட்டேன். இதுக்கு மேல எனக்குத் தெரியாது. இல்ல, நிறுத்தாதீங்க. அஞ்சு பேரும் என்ன பேசினாங்கன்னு கேப்போம். என் மண்டையை எப்படி உருட்டறாங்கன்னு நீங்களும் கேளுங்க.

"அப்பா? அப்பா லைன்ல இருக்கீங்களா?" நான் கீழ போயிட்டேன்ல. "அப்பா?" இவ்வளவு தடவை கூப்பிட்டிருக்கான்.

பெனிட்டா கேக்குது, அய்யா வேணும்னே மாத்தி அடிச்சாரான்னு. இப்ப பாருங்க, இப்ப அவன் என்ன சொல்றான்னு பாருங்க.

"யாரும் அப்பாவை ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என்னோடது. திருப்பிச் சொல்ல வைக்காம நம்பரைக் குடுத்தது நான்தான்."

கேட்டீங்களா? கேட்டீங்களா தம்பி? அவன் வாயாலயே வந்துருச்சு. தப்பு என்னோடதுன்னு சொல்றான். மூணு மாசமா நான் என்ன சொல்லிக்கிட்டிருக்கேன்? ஏம்மா, மேல வா, உன் மகன் என்ன சொல்றான்னு வந்து கேளு. அவனே ஒத்துக்கிட்டான். இது தெரியாம நான் மூணு மாசம்...

அதுக்கப்புறமும் ஏதோ பேசறானே. என்ன சொன்னான்? நான் இவளைக் கூப்பிட்டதுல விட்டுட்டேன். கொஞ்சம் பின்னாடி தள்ளிப் போடுங்க.

"தப்பு என்னோடது. திருப்பிச் சொல்ல வைக்காம நம்பரைக் குடுத்தது நான்தான். அவரு மாத்துவாருன்னு எனக்குத் தெரியும். எனக்குப் பதினேழு வயசுல ஒரு லிஸ்ட்ல ரெண்டை மாத்திப் போட்டாரு. பிரிண்ட் எடுத்து பீரோவுல வச்சிருந்தாரு, நான் பாத்தேன். அன்னிக்கே பக்கத்துல உக்காந்து சரி பாத்திருக்கணும். கேரம் ஆடப் போனது நான்தானே."

பிரிண்ட்.

ஆமா. எதையும் பிரிண்ட் எடுத்து வைக்கறது என் பழக்கம். பீரோவுல மேல் தட்டு. வீட்டுப் பத்திரத்துக்கு அடியில.

பதிமூணு வருஷம். ஒரு நாள்கூடக் கேக்கல தம்பி. ஒரு நாள் கோவத்துல, ஒரு நாள் சண்டையில, ஒரு வார்த்தை வாய்ல வரல. இதை வாங்கி அனுப்பினான். வாரத்துல ரெண்டு மணி நேரம் உங்ககூடப் பேசின மாதிரி இருக்கும்னு சொன்னான்.

மணி என்ன? மூணு இருபதா. அந்தக் கடிகாரம் முன்னாடி போகும்னு சொன்னேன், இல்ல, அது சரியாத்தான் போகுது. என் போனு இந்தா இருக்கு, சத்தமும் வச்சுத்தான் இருக்கேன். ஏம்மா, உன் போன் அடிச்சுதா? அடிக்கலயா? சரி. ஒண்ணுமில்ல, நீ வர வேணாம், நீ கீழயே இரு.

நம்பரை மட்டும் இன்னொரு தடவை போடுங்க. அந்தக் குண்டுக்கு முன்னாடி, அங்க. ம், அதுதான்.

"திருப்பிச் சொல்லுங்கப்பா."

அங்க நிறுத்துங்க. அங்கயே நிறுத்துங்க.

குறுக்க, நாலு ஒண்ணு ரெண்டு. மேல, நாலு மூணு எட்டு.

இல்ல தம்பி. நீங்க சரின்னு சொன்னா செல்லாது. நம்பர் குடுத்தவன்தான் சொல்லணும்.